அமுக்கராக் கிழங்கு: அதன் உபயோகமும் சாகுபடியும்

உழைத்து வாழும் குடும்பத்திற்கு உணவு எவ்வளவு அவசியமோ, இரவு உறக்கமும் அவ்வளவு அவசியமாகும். பகல் முழுவதும் குழித்தறியில் அமர்ந்து மிதிபலகையை மிதிக்கும் நெசவாளிக்கும், வெயிலில் நின்று களையெடுத்து நீர் பாய்ச்சும் விவசாயிக்கும், இரவில் அயர்ந்த தூக்கம் வரவேண்டும் என்பதே இயற்கை. ஆயினும் நம் சங்கங்களைச் சுற்றி வரும் என்போன்றோரிடம் அங்கத்தினர்கள் அடிக்கடி கூறும் குறைகளில் ஒன்று, “படுத்தால் தூக்கம் வருவதில்லை” என்பதே. கை கால் அசதி ஒருபுறம், மனக்கவலை மறுபுறம். இதற்கு மருந்தென்று நம் முன்னோர் வழங்கிய மூலிகைகளுள் முதன்மையானது அமுக்கரா.

இந்த மூலிகையைப் பற்றிக் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் இருவகைக் கேள்விகள் எழுகின்றன. “இதை உண்ணலாமா?” என்று கேட்போர் ஒருசாரார். “இதைப் பயிரிடலாமா?” என்று கேட்போர் மற்றொரு சாரார். முன்னதில் உடல்நலம் அடங்கியிருக்கிறது; பின்னதில் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனும், அதற்கு ஜாமீன் நின்ற பக்கத்து வீட்டாரின் மானமும் அடங்கியிருக்கின்றன. ஆகவே இரண்டுக்கும் தெளிவான விடை காண்பது நம் கடமை.

செடியின் அடையாளம்

அமுக்கரா, கத்தரி, தக்காளி, மிளகாய், மணத்தக்காளி ஆகியவை சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த குறுஞ்செடி. அமுக்கிரா என்றும் அசுவகந்தி என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. பச்சை வேரைக் கசக்கி முகர்ந்தால் குதிரையின் வாடை வீசும். அதனால் வடமொழியில் அசுவகந்தா எனப் பெயர் பெற்றது. செடி இரண்டு முதல் நான்கு அடி உயரம் வளரும். தண்டின்மேலும் இலையின்மேலும் சாம்பல் நிறத்தில் மெல்லிய பூனைமயிர் படர்ந்திருக்கும். பூ சிறியது, பச்சை கலந்த மஞ்சள் நிறமுடையது. சொடக்குத் தக்காளியைப் போலவே இதன் காயும் ஒரு மெல்லிய உறைக்குள் மறைந்திருக்கும். பழுத்தால் செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறும்.

தமிழ்நாட்டின் வறண்ட புன்செய்ப் பகுதிகளிலும் தரிசுகளிலும் இது தானாகவே முளைப்பதுண்டு. ஆயினும் தானாக முளைத்த செடியின் வேர் பெரும்பாலும் நார்த்தன்மை மிகுந்து கட்டையாக இருக்கும். பயிரிட்ட செடியின் வேரோ சதைப்பற்றுடன், உடைத்தால் உள்ளே வெண்மையாக மாவு போல் காணப்படும். நாட்டுமருந்துக் கடைகளில் பெரிதும் விற்பனையாவது இப்பயிரிட்ட வேரே. மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் மாவட்டங்களே இதற்குப் பேர்பெற்ற இடங்கள். நீமச் நகரச் சந்தையின் விலையைப் பார்த்தே நாடெங்கும் வியாபாரிகள் விலை பேசுகின்றனர்.

இச்செடிக்கு அறிவியல் உலகில் வழங்கும் பெயர் விதானியா சோம்னிஃபெரா என்பதாகும். பின்னுள்ள சொல்லுக்கு இலத்தீன் மொழியில் ‘உறக்கம் தருவது’ என்று பொருள். 1753-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டபோதே இந்தக் குணத்தை அப்பெயரில் பொறித்துவிட்டார்.

வைத்திய முறைகளில் இதன் இடம்

சித்த வைத்தியத்தில் அமுக்கரா உடலைத் தேற்றும் மருந்தாகவும், நரம்புத் தளர்ச்சி, வீக்கம், வாதநோய், உறக்கமின்மை ஆகியவற்றிற்கு உரியதாகவும் கருதப்படுகிறது. கிழங்கை அப்படியே இடித்து உபயோகிப்பது முறையன்று. பசும்பால் ஊற்றிய பாத்திரத்தின் வாயில் துணி கட்டி, அதன்மேல் கிழங்குத் தூளைப் பரப்பி, பாலின் ஆவியில் பிட்டு அவிப்பதுபோல் அவித்து, உலர்த்தி, மீண்டும் பொடித்துச் சலிப்பார்கள். இதனைச் சுத்தி செய்தல் என்பர்.

அமுக்கராச் சூரணம் என்னும் மருந்தில் சேரும் சரக்குகளின் அளவு நினைவில் வைக்க எளியது. இலவங்கம் 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று ஒவ்வொன்றும் முந்தியதைப் போல் இரட்டிப்பாகச் செல்லும். கணக்குப் பார்த்தால் மொத்தம் 255 பங்கில் அமுக்கரா 64 பங்கு. அதாவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. பாதி சர்க்கரை. ஆகவே நீரிழிவு நோய் உள்ளவர்கள் இச்சூரணத்தை யோசனையின்றி உண்ணலாகாது என்பது இந்தக் கணக்கிலிருந்தே விளங்கும்.

இக்கால ஆராய்ச்சி கூறுவது

பழமையானது என்பதனால் மட்டும் ஒன்றை ஏற்பதும், அதே காரணத்தால் ஒன்றைத் தள்ளுவதும் அறிவுடைமை ஆகா. அமுக்கரா வேரில் விதனோலைடுகள் எனப்படும் வேதிப்பொருள்கள் இருப்பதை விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ளனர். உலக சுகாதார நிறுவனம் மூலிகைகளைப் பற்றி வெளியிட்ட நூல்வரிசையின் 4-ஆம் தொகுதியில், 2009-ஆம் ஆண்டில், இவ்வேர் இடம்பெற்றது.

மனிதர்களிடம் செய்த சோதனைகளும் உண்டு. ஹைதராபாத்தில் நடந்து 2012-இல் வெளியான ஒரு சோதனையில், மனஉளைச்சல் உள்ள 64 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வேரின் சாரத்தை நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் வீதமும், மற்றொரு பிரிவினருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் 60 நாள்கள் கொடுத்தனர். மருந்து உண்டவர்களின் மனஉளைச்சல் மற்றவர்களினுடையதைவிட மிகுதியாகக் குறைந்தது. உளைச்சலின்போது இரத்தத்தில் பெருகும் கார்டிசால் என்னும் சுரப்பும் குறைந்தது. உறக்கமின்மை உள்ள 60 பேரிடம் 10 வாரம் நடத்தி 2019-இல் வெளியான மற்றொரு சோதனையிலும், படுத்தபின் தூக்கம் வரப் பிடிக்கும் நேரம் குறைந்ததாகக் கண்டனர்.

இவற்றைப் படித்து நாம் அறியவேண்டியவை இரண்டு. முதலாவது, மூலிகையில் குணம் உண்டு என்ற நம் முன்னோரின் கருத்து வெறும் நம்பிக்கையன்று. இரண்டாவது, சோதிக்கப்பட்டவர்கள் சிலரே. காலமும் இரண்டு மூன்று மாதமே. கொடுத்ததும் ஆலையில் அளந்து எடுத்த சாரமேயன்றிக் கடைத் தூள் அன்று. ஆதலால் ஆண்டுக்கணக்கில் உண்டால் என்ன ஆகும் என்பதற்கு இச்சோதனைகள் விடையளிக்கவில்லை.

எவர் உண்ணலாகாது

மூலிகை என்றால் தீங்கு செய்யாது என்பது நம்மிடையே வேரூன்றிய தவறான எண்ணம். தூக்கத்தை வரவழைக்கும் ஆற்றல் ஒரு பொருளுக்கு இருக்குமானால், அதே ஆற்றல் வேறொரு மருந்தோடு சேர்ந்து மிதமிஞ்சிப் போவதற்கும் இடமுண்டு அல்லவா?

நெசவாளர் சங்கம் ஒன்றிற்குச் சென்றிருந்தபோது, அறுபது வயதைக் கடந்த அங்கத்தினர் ஒருவர் பாவு பூட்டிய தறியின்மேல் தலைசாய்த்து உறங்கிக்கொண்டிருப்பதைக் கண்டேன். எழுப்பி விசாரித்தேன்.

“இரவில் தூக்கமில்லை என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார், ஐயா. அது போதவில்லை என்று அமுக்கராப் பொடியும் சேர்த்துக்கொண்டேன். இப்போது பகலிலும் கண்ணைச் சுற்றுகிறது” என்றார்.

“பெரியவரே, பொடி உண்பதை டாக்டரிடம் சொன்னீர்களா?” என்று கேட்டேன்.

“பொடிதானே, ஐயா. அதை எதற்குச் சொல்லவேண்டும்?”

மறுநாளே அவருடைய மகன் அவரை அழைத்துச் சென்று டாக்டரிடம் விவரம் கூறினார், பொடி நிறுத்தப்பட்டது, சில நாள்களில் பகல்மயக்கம் நீங்கியது. ‘பொடிதானே’ என்னும் அந்த ஒரு சொல்லே இப்பகுதியை எழுதத் தூண்டியது.

தூக்க மாத்திரை, வலிப்பு நோய்க்கான மருந்து, மனநோய்க்கான மருந்து ஆகியவை உண்போர் வைத்தியரைக் கேளாமல் அமுக்கரா உண்ணலாகாது. மது அருந்துவோர் இதை உண்பது ஆபத்து. கர்ப்பிணிகள் இதை அறவே தவிர்க்கவேண்டும்; கருவுக்குத் தீங்கு நேரலாம். தைராய்டு சுரப்பியில் கோளாறு உள்ளவர்களுக்கு அச்சுரப்பின் அளவை இது மாற்றிவிடக்கூடும். நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றிற்கு மருந்து உண்போருக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். மேலும், அரிதாகச் சிலருக்கு உண்ணத் தொடங்கிய சில வாரங்களில் கல்லீரல் பாதிக்கப்பட்டு மஞ்சள்காமாலை தோன்றியிருப்பதாக வைத்திய ஏடுகளில் பதிவாகியுள்ளது. கண்ணோ சிறுநீரோ மஞ்சளாகக் கண்டாலும், தோலில் அரிப்பு எடுத்தாலும், உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். டென்மார்க் நாடு 2023-இல் இம்மூலிகையை உணவுப்பொருள்களில் சேர்ப்பதைத் தடைசெய்தது. நம் நாட்டு ஆயுஷ் அமைச்சகமோ 2021-இல் வெளியிட்ட அறிவுரையில், வேரையே உபயோகிக்கவேண்டும், இலையை உபயோகிக்கலாகாது என்று மருந்து செய்வோருக்குக் கூறியது. ஆகவே இலையையும் தண்டையும் சேர்த்து அரைத்த மலிவான தூளை வாங்குவது பணத்துக்கும் நஷ்டம், உடலுக்கும் நஷ்டம்.

இன்னொரு காட்டு மூலிகை தரும் பாடம்

சாகுபடியைப் பற்றிக் கூறுமுன், மனத்தை அமைதிப்படுத்தும் மற்றொரு வேரின் வரலாற்றைக் காண்போம். சர்ப்பகந்தா என்பது அதன் பெயர். பம்பாயைச் சேர்ந்த டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்கு அவ்வேர் பயன்படுவதைப் பற்றி 1949-இல் பிரிட்டிஷ் வைத்திய ஏடு ஒன்றில் எழுதினார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியார் அதிலிருந்து ரெசர்பின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர். சில ஆண்டுகளுக்குள் மேல்நாட்டு மனநோய் ஆஸ்பத்திரிகளில் அது பெரிதும் வழங்கப்பட்டது. அதே மருந்து சிலருக்கு மனச்சோர்வை உண்டாக்குவதும் பின்னர் தெரியவந்தது.

வெளிநாட்டார் வேரைக் கேட்கக் கேட்க, நம் காடுகளில் தோண்டுவோரும் பெருகினர். இலையைப் பறித்தால் செடி மீண்டும் துளிர்க்கும். வேரைத் தோண்டினால் செடியே அழியும். 1990-ஆம் ஆண்டு முதல் சர்ப்பகந்தா பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. வேருக்காக வாங்கப்படும் எந்த மூலிகையையும் காட்டில் தேடுவதைவிட வயலில் விளைவிப்பதே நன்று என்பது இதிலிருந்து நாம் கற்கும் பாடம். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்குக் கடுக்காயும் புளியும் தேனும் தலைமுறை தலைமுறையாக வருவாய் தருகின்றன. அவை மரத்தைக் கொல்லாமல் கிடைப்பதனால்தான் இன்றும் கிடைக்கின்றன.

சாகுபடி முறை

அமுக்கரா வளமான நிலத்தைக் கேட்பதில்லை. நீர் தேங்காத மணற்பாங்கான செம்மண்ணே அதற்கு உகந்தது. அதிக உரமும் அதிக நீரும் இலையை வளர்க்குமேயன்றி வேரைப் பெருக்கா. ஆண்டிற்கு 600 முதல் 750 மில்லிமீட்டர் மழை பெய்யும் வறண்ட பகுதிகளில் இது நன்கு விளைகிறது.

இங்கேதான் நம் வட்டாரத்தார் கவனிக்கவேண்டியது இருக்கிறது. வடநாட்டில் தென்மேற்குப் பருவமழை ஓயும் தறுவாயில் விதைத்து, மழையற்ற குளிர்காலத்தில் வேர் பருக்க, தை முதல் பங்குனி வரையிலான மாதங்களில் அறுவடை செய்கின்றனர். கள்ளக்குறிச்சியிலோ ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. வடநாட்டுப் பஞ்சாங்கத்தை அப்படியே இங்கே பின்பற்றினால் இளம்பயிர் அடைமழையில் சிக்கி வேரழுகி மடியும். விதைக்கும் பருவத்தைத் தோட்டக்கலைத் துறை அலுவலரைக் கலந்து நிர்ணயிக்கவேண்டும். முதல் ஆண்டில் பத்து சென்ட், இருபது சென்ட் அளவில் மேட்டு நிலத்தில் மட்டும் பயிரிட்டுப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

நேரடியாகத் தூவி விதைப்பதானால் ஏக்கருக்கு 4 முதல் 5 கிலோ விதை வேண்டும். நாற்றுவிட்டு நடுவதானால் 2 கிலோ போதும். ஜவஹர் அஸ்கந்த் 20, ஜவஹர் அஸ்கந்த் 134, போஷிதா ஆகியவை வேளாண் ஆராய்ச்சி நிலையங்கள் வெளியிட்ட ரகங்கள். விதை புதியதாக இருக்கவேண்டும். நாட்பட்ட விதையின் முளைப்புத் திறன் குறைந்துவிடும். விதைத்த 25 முதல் 30 நாள்களில் நெருக்கமான செடிகளைக் கலைத்துவிட்டு ஒரு களை எடுக்கவேண்டும். பிறகு தேவைக்கேற்ப மற்றொரு களை எடுத்தால் போதும். கத்தரியைத் தாக்கும் எபிலாக்னா வண்டு இதையும் தாக்கும்; ஆகவே கத்தரித் தோட்டத்தின் அருகில் இதனைப் பயிரிடாதிருப்பது நலம். மருந்தாக உண்ணப்படும் வேராதலால், கண்ட பூச்சிமருந்துகளைத் தெளித்தால் வாங்குவோர் சோதித்துத் தள்ளிவிடுவர் என்பதையும் மறக்கலாகாது.

அறுவடையும் தரம் பிரித்தலும்

விதைத்து 150 முதல் 180 நாள்களில் இலைகள் உலரத் தொடங்கும், காய்கள் சிவக்கும். அதுவே அறுவடைக்கு அடையாளம். செடியை வேரோடு பிடுங்கி, தண்டை வேரின் கழுத்துக்கு ஓர் அங்குலத்துக்கும் குறைவாக மேலே வெட்டி நீக்கவேண்டும். மண்ணைப் போக்கி, வேரை 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளத் துண்டுகளாக்கி உலர்த்தவேண்டும். உடைத்தால் ‘படக்’ என்று முறியும்வரை காயவேண்டும். ஈரத்தோடு சாக்கில் கட்டினால் பூசணம் பிடித்துவிடும்.

தரம் பிரிப்பதற்கும் வியாபாரத்தில் வழக்கமான முறை உண்டு. ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் நீளமும், 1 முதல் 1½ சென்டிமீட்டர் பருமனும், உள்ளே தூய வெண்மையும் உடையது முதல் தரம். 5 சென்டிமீட்டர் நீளமும் 1 சென்டிமீட்டர் பருமனும் உடையது இரண்டாம் தரம். 3, 4 சென்டிமீட்டர் நீளமும் அதினும் மெலிந்த பருமனும் உடையது மூன்றாம் தரம். மெல்லிய சல்லிவேர்களும் உள்ளே மஞ்சள் நிறங்கொண்ட துணுக்குகளும் கடைசித் தரம்.

நன்றாக விளைந்தால் ஏக்கருக்கு உலர்ந்த வேர் 120 முதல் 200 கிலோ வரையும், விதை 20 முதல் 30 கிலோ வரையும் கிடைக்கும். கடன் விண்ணப்பத்தில் வருவாயைக் கணக்கிடும்போது 200 என்பதை மறந்துவிட்டு 120 என்பதையே எடுத்துக்கொள்ளவேண்டும். விலையையும் முதல் தர விலையாக அன்றி நடுத்தர விலையாகவே போடவேண்டும். அந்தக் கணக்கிலும் செலவும் வட்டியும் போக ஏதேனும் மிஞ்சுமானால் மட்டுமே இப்பயிரில் இறங்கலாம்.

ஒன்பது அங்கத்தினரின் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் மலையடிவாரக் கிராமம் ஒன்றில் நடந்ததை இங்கே கூறுவது அவசியம். ஒன்பது அங்கத்தினர்கள், ஏஜெண்டு ஒருவரின் வார்த்தையை நம்பி, சங்கத்தில் கடன் பெற்று அமுக்கரா பயிரிட்டனர். விதையை அவரே அதிக விலைக்கு விற்றார். விளைந்த வேர் முழுவதையும் தாமே எடுத்துக்கொள்வதாக அச்சிட்ட தாளில் கையெழுத்தும் இட்டார். அந்தத் தாளின் நகல் கடன் விண்ணப்பங்களோடு இணைக்கப்பட்டிருந்தது. நானும் அதைத் தணிக்கையின்போது பார்த்தேன். கையெழுத்து இருந்தது, தேதி இருந்தது, முத்திரை இருந்தது. எல்லாம் ஒழுங்கு என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன். விலை என்ன, எந்தத் தரத்துக்கு எந்த விலை, எத்தனை நாளுக்குள் எடுத்துக்கொள்ளவேண்டும், எடுக்காவிட்டால் என்ன என்ற நான்கும் அதில் இல்லை. ‘சந்தை விலைக்கு எடுத்துக்கொள்ளப்படும்’ என்ற ஒரே வரிதான் இருந்தது. அதைக் கவனியாமற்போனது என் குற்றம்.

கார்த்திகை மழையில் மூவரின் வயலில் நீர் தேங்கிப் பயிர் அழுகிற்று. எஞ்சிய அறுவரில் ஐவர் வேரைப் பிடுங்கி மண்ணோடும் ஈரத்தோடும் மூட்டை கட்டினர். ஏஜெண்டு ஒருமுறை வந்து மூட்டையில் கைவிட்டுப் பார்த்து, எல்லாவற்றையும் கடைசித் தரம் என்று கூறி மிகக் குறைந்த விலை கேட்டார். பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை. மூட்டைகளில் பூசணம் ஏறிற்று. அடுத்த தணிக்கையில் எட்டுப் பெயர்கள் தவணை கடந்த பாக்கிப் பட்டியலில் நின்றன. ஜாமீன் நின்றவர்களும் அதே தெருவில் வசிப்பவர்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாத நிலை. அவர்களுள் ஒருவர், “தூக்கத்துக்கு மருந்து என்று சொல்லித்தான் நட்டோம், ஐயா, இப்போது தூக்கமே போய்விட்டது” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒன்பதாமவர் ஓர் அம்மையார்; அரை ஏக்கர் மேட்டு நிலம் உடையவர். அவர் மட்டும் வேரைக் கழுவி, துண்டாக்கி, களத்தில் நன்கு உலர்த்தி, நான்கு குவியல்களாகப் பிரித்து, நகரத்து மருந்துச் சரக்கு வியாபாரிகள் இருவரிடம் மாதிரி காட்டி, அதிக விலை கொடுத்தவரிடம் விற்று, கடனை அடைத்துவிட்டார். இப்படிப் பிரிக்கவேண்டும் என்று யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

“யாரும் சொல்லவில்லை, ஐயா. மஞ்சள் விற்கும்போது விரலி வேறு, கிழங்கு வேறு என்று பிரிப்பதில்லையா? அதைப்போலத்தான்” என்றார்.

சங்கம் செய்யவேண்டியவை

அந்த அம்மையார் தனியாகச் செய்ததை ஒரு சங்கம் சேர்ந்து செய்தால் பலன் பன்மடங்காகும். பத்து விவசாயிகள் பத்து மூட்டையை வெவ்வேறு வியாபாரியிடம் கொண்டுசென்றால், விலையை நிர்ணயிப்பவர் வியாபாரி. பத்துப் பேரின் விளைவையும் ஓரிடத்தில் உலர்த்தி, ஒரே முறையில் தரம் பிரித்து, எடைபோட்டு, மாதிரிப் பொட்டலத்தோடு பல இடங்களில் விலை கேட்டால், விலை பேசும் வலிமை நம் கையில் இருக்கும்.

மூலிகைத் துறையில் கூட்டுறவு புதிதன்று. சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியர்கள் ஒன்றுகூடி 1944-ஆம் ஆண்டிலேயே சென்னையில் இம்ப்காப்ஸ் என்னும் கூட்டுறவு மருந்துச் செய்நிலையத்தை அமைத்தனர். மருந்தை உபயோகிக்கும் வைத்தியர்களே அதற்கு அங்கத்தினர்கள். தமிழக அரசு 1983-இல் டாம்ப்கால் என்னும் மூலிகைப் பண்ணைகள் மற்றும் மருந்துக் கழகத்தை நிறுவியது. மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் தேசிய மூலிகைத் தாவர வாரியத்தை அமைத்தது. வாங்குவோரையும் விளைவிப்போரையும் இணைக்க அவ்வாரியம் இ-சரக் என்னும் தளத்தையும் ஏற்படுத்தியது. மலைப்பகுதிகளில் 1971-ஆம் ஆண்டின் பாவா குழுப் பரிந்துரையின் வழியே தோன்றிய லேம்ப் சங்கங்கள், கடன் கொடுப்பதோடு மலைப்பொருள்களைக் கொள்முதல் செய்யவும் ஏற்பட்டவை. வைத்தியர்கள் கூடி மருந்து செய்யும்போது, விவசாயிகள் கூடிச் சரக்கு விற்க இயலாதா?

மகாசபைக் கூட்டத்தில் இதைப்பற்றிப் பேசவிரும்பும் அங்கத்தினர்கள் பின்வருவனவற்றை வற்புறுத்தவேண்டும்:

1. வாங்குபவர் யார் என்பது எழுத்தில் உறுதியாகும்வரை மூலிகைப் பயிருக்குக் கடன் கேட்பதும் கூடாது, கொடுப்பதும் கூடாது.

2. ஒப்பந்தத் தாளில் விலை, தரம், எடுத்துக்கொள்ளும் கெடு, தவறினால் நஷ்டஈடு ஆகிய நான்கும் இருக்கவேண்டும். இல்லாத தாள் வெற்றுத்தாளே.

3. விதை விற்பவரே விளைவையும் வாங்குபவராக இருந்தால் இருமடங்கு ஜாக்கிரதை தேவை. விதையில் லாபம் எடுத்துவிட்டவருக்கு விளைவைப் பற்றிய கவலை இருக்கவேண்டியதில்லை.

4. முதல் ஆண்டு சோதனைப் பயிர் மட்டுமே. நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளையும் நிலத்தை மாற்றவேண்டியதில்லை. ஓரமாகக் கிடக்கும் மேட்டுப் புன்செய் போதும்.

5. உலர்களமும் தராசும் தரம் பிரிக்கும் சல்லடையும் சங்கத்தின் பொதுச்சொத்தாக இருக்கவேண்டும்.

6. கடன் தாள்களைச் செயலாளரும் தணிக்கை செய்பவரும் வாசிக்கவேண்டும். முத்திரையைப் பார்த்தால் மட்டும் போதாது. இதனை எனக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முடிவுரை

அமுக்கரா நல்ல மூலிகை. அளவோடு, வைத்தியரின் சொற்படி, உரியவர் உண்டால் உடலுக்கு ஆறுதல் தரும். ஆராய்ந்து, சிறிதாகத் தொடங்கி, கூடி விற்றால் புன்செய்க்கு ஒரு துணைப்பயிராகவும் ஆகும். ஆனால் மனக்கவலை எதனால் வந்தது என்பதையும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கவேண்டும். கூலி குறைந்ததனாலோ, கடன் ஏறியதனாலோ, பாவு வந்து சேராமல் தறி நின்றதனாலோ உறக்கம் போயிருக்குமானால், எந்தக் கிழங்கும் அந்தக் காரணத்தை நீக்காது. அதற்கு மருந்து சங்கத்தின் மேசைமேல்தான் இருக்கிறது: தவணை தவறுமுன் செயலாளரிடம் நிலைமையைக் கூறுதல், மகாசபையில் வாய்திறந்து பேசுதல், அண்டை வீட்டாரின் ஜாமீனைத் தன் மானமாகக் கருதுதல்.

முன் கூறிய கிராமத்தில் எட்டுப் பேரில் ஐவர் சிறிது சிறிதாகப் பாக்கியைச் செலுத்திவிட்டனர். மற்ற மூவரும் செலுத்தி வருகின்றனர். அந்த அம்மையாரின் களத்தில் இப்போது அண்டை வீட்டாரின் மஞ்சளும் பிரிக்கப்படுகிறது. அடுத்த முறை மூலிகைப் பயிர் என்று யாராவது வந்தால், தாளைத் தமக்குப் படித்துக் காட்டுமாறு அவர் முதலில் கேட்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒவ்வொரு சங்கத்திலும் ஒவ்வோர் அங்கத்தினரும் அவ்வாறே கேட்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.